ஈய எழுத்தும் என் தகப்பனாரும்

என் தகப்பனார் நான்காம் வகுப்புக்கு மேல் படித்தவர் அல்லர். ஆயினும், மாயவரத்தில் அந்த நாளில் அவரைப்போல் தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாக விரலால் தொட்டுப் பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேருக்கு மேல் இருந்திருக்க மாட்டார்கள் என்று துணிந்து சொல்வேன். இது அலங்கார வார்த்தை அன்று. மாயூரநாதர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சந்தின் கோடியில், ஓட்டு வீடு ஒன்றின் தாழ்வாரத்தை அடைத்து நடந்துவந்த அச்சுக்கூடத்தில் அவர் முப்பத்தொரு வருஷம் அச்சுக் கோத்தார். ஈயமும் ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்த அந்தச் சிறு துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி, அவருடைய வலக்கைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நுனியில் கறுத்துப் பளபளத்திருக்கும். தீபாவளி எண்ணெய்க் குளியலில்கூட அந்தக் கறுப்புப் போனதில்லை. ஈயம் வயிற்றுக்குள் போய்விடும் என்று பயந்து என் தாயார் மத்தியானந்தோறும் ஒரு செம்பு மோர் அனுப்புவாள். மோருக்கும் ஈயத்துக்கும் என்ன பகை என்று அவளுக்கும் தெரியாது, அவரும் கேட்டதில்லை, குடித்துவிடுவார்.

அந்த அச்சுக்கூடத்தில் நடந்தது பெரும்பாலும் சில்லறை வேலைதான். தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை. ஐப்பசியில், துலா ஸ்நானத்துக்கு வந்து கூடுகிற ஜனத்திரளை உத்தேசித்து ஜவுளிக் கடைக்காரர்கள் போடுகிற நோட்டீஸ். மற்ற மாதங்களில் ரசீதுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை. எப்போதாவது, முன்சீப் வேதநாயகம் பிள்ளை உத்தியோகம் பார்த்த ஊரில் தாமும் ஒரு நாவல் எழுதாமற் போனால் ஊருக்கே குறை என்று எண்ணிய உள்ளூர்ப் பிரமுகர் யாரேனும், தடித்த கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேருவார். 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது 1879-இல். அதற்குப் பின் வந்த எழுபது ஆண்டுகளில் எங்கள் ஊரில் எழுதி, அச்சிட்டு, ஒருவரும் படியாமல் கரையானுக்குப் போன நாவல்கள் எத்தனை என்பதை என் தகப்பனார் ஓரளவு அறிவார். அந்த நாவல்களை நான் பரிகசிப்பதற்கில்லை. அவற்றில்தான் என் கல்வி ஆரம்பமாயிற்று.

அது எவ்வாறு என்பதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். நாவல் வேலை வந்தால் கையெழுத்துப் பிரதியை நாலு தாள், நாலு தாளாகப் பிரித்து, முதல் நாலு தாளை என் தகப்பனாரிடமும், அடுத்த நாலை அவருக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ராவுத்தர் மாமாவிடமும், அதற்கடுத்ததை மறுபடி என் தகப்பனாரிடமுமாக மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். ஆகவே எந்த நாவலானாலும் என் தகப்பனாருக்குத் தெரிந்தது பாதிக் கதைதான். அதுவும், ஓட்டை விழுந்த கூரை வழியாக வெயில் இறங்குவதுபோல் இங்கொரு வட்டம், அங்கொரு வட்டமாகத் தெரியும். இராத்திரிச் சாப்பாடு ஆனபின் திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலையின் காம்பைக் கிள்ளியபடியே அந்தப் பாதிக் கதையை எனக்குச் சொல்லுவார். 1949-ஆம் வருஷம், எனக்கு எட்டு வயது.

"ஜமீந்தார் பொண்ணு ராத்திரி கிணத்தடிக்குப் போறா. செருப்பைத் துவைக்கிற கல்லு மேலேயே கழட்டி வெச்சுடறா. அதோடே என் தாள் முடிஞ்சு போச்சுடா. அடுத்தாப்பிலே எனக்கு வந்த தாள்லே அவ எழும்பூர் ஸ்டேஷன்லே நிக்கிறா. நடுவிலே என்ன ஆகியிருக்கும்? நீ சொல்லு பார்ப்போம்."

நான் சொல்லுவேன். குதிரை வண்டியில் வந்த ஒருவன் அவளைத் தூக்கிக்கொண்டு போனான் என்பேன். அவர் 'பலே' என்றோ 'சபாஷ்' என்றோ சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, மிகுந்த கவலையோடு, "அப்படின்னா செருப்பு?" என்று கேட்பார். "எழும்பூர்லே அவ கால்லே செருப்பு இருக்குன்னு என் தாள்லே போட்டிருக்கே. கிணத்தடியிலே விட்டதை யார் எடுத்துக் கொடுத்தா?" நான் குதிரை வண்டியையும் அதில் வந்தவனையும் ஒருபுறம் ஒதுக்கிவைத்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பு முழுவதும் அந்தச் செருப்புக்கு வழி தேடிக்கொண்டிருப்பேன். அவளுடைய தங்கை பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தாள் என்று ஒருவாறு கண்டுபிடித்துச் சொன்னபோது, அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதைப் பார்த்த பிறகு எனக்குப் பரிசு, பாராட்டு என்பவையெல்லாம் எப்போதும் சற்றுச் சப்பென்றே இருந்திருக்கின்றன. தமக்கு வாஸ்தவமாகவே தெரியாத ஒன்றை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்போல் அவர் நடந்துகொண்டார். பெரியவர்கள் குழந்தைகளிடம் கேட்கிற கேள்விகள் யாவும் விடை தெரிந்து கேட்கிற கேள்விகள் என்பதைக் குழந்தைகள் வெகு சீக்கிரம் கண்டுகொள்கிறார்கள். என் தகப்பனார் கேட்டவை அந்த ஜாதியைச் சேர்ந்தவை அல்ல.

சொன்னதை எழுதத் தொடங்கியது காகிதம் கிடைத்ததனால்தான். மை அதிகமாகி அப்பியதும், கோணலாக விழுந்ததுமான கழிவுத் தாள்களை அவர் வாரத்துக்கு ஒருமுறை சுருட்டிக்கொண்டு வருவார். ஒரு பக்கம் அச்சு, மறு பக்கம் வெறுமை. எனவே, என் முதற்கதைகள் அனைத்தும் ஊரார் கல்யாணங்களின் முதுகில் எழுதப்பெற்றவை. ஒரு பக்கத்தில் கொலைகாரன் சுவர் ஏறிக் குதித்துக்கொண்டிருப்பான், தாளைத் திருப்பினால் நிகழும் மங்களகரமான விரோதி வருஷத்தில் சுற்றமும் நட்பும் சூழ வரவேண்டுமென்று யாரோ கேட்டுக்கொண்டிருப்பார். மண்ணெண்ணெய் வீணாகிறதே என்று என் தாயார் முணுமுணுத்தாள். நாற்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஐந்து பேரை வைத்துக் குடித்தனம் நடத்தியவள் முணுமுணுக்காமல் என்ன செய்வாள்? பள்ளிக்கூடத்தில் ஓர் உபாத்தியாயர், பாடப் புத்தகக் கதைக்கு நானாக ஒரு முடிவு சேர்த்து எழுதியதற்காக என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றினார். அவர் பெயர் இங்கே வேண்டாம், கணிதத்தில் கெட்டிக்காரர்.

அச்சுக்கூடத்துக்குள் நான் முறையாகப் பிரவேசித்தது ஓர் அபராதத்தின் விளைவு. ஒரு மாலை மோர்ச் செம்பைத் திரும்ப எடுத்துவரப் போனவன், நடுவழியில் பலகை மேல் இருந்த தகரத் தட்டை முழங்கையால் இடித்துவிட்டேன். அதில் கோத்து முடித்து இன்னும் நூல் சுற்றிக் கட்டாத மூன்று பக்கங்கள் இருந்தன. ஈயத் துண்டுகள் சிமிட்டித் தரையில் கொட்டிய அந்தச் சப்தம், மூட்டை அவிழ்ந்து பச்சைப்பயறு கொட்டுகிற சப்தத்துக்கும் சில்லறை சிதறுகிற சப்தத்துக்கும் இடைப்பட்டது. இன்றும் என் காதில் நிற்கிறது. முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "என் கை தட்டிடுச்சு" என்றார் என் தகப்பனார், என்னைத் திரும்பியும் பாராமல். அரை நாள் கூலி பிடித்தார்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அடியை எதிர்பார்த்துக்கொண்டே நடந்தேன், அடி விழவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப்போய், கொட்டிய எழுத்துகள் முழுவதையும் ஒரு முறத்தில் இட்டு என் முன்னே வைத்து, "அதது அறையிலே கொண்டுபோய்ப் போடு" என்றார்.

தமிழ் எழுத்துப் பெட்டியைப் பார்த்திராதவர்களுக்கு அது என்ன ஏவல் என்பது விளங்காது. பதினெட்டு மெய்க்கும் உகரம் வேறு, ஊகாரம் வேறு என்று அவையே முப்பத்தாறு அறைகள். இவற்றோடு புள்ளி வைத்தவை, விசிறி ஏறியவை, கொம்பு, இரட்டைக் கொம்பு, கால், தும்பிக்கை தூக்கிய லை, ளை, ணை, னை, ஒன்றாய்ச் சுழித்த ணா, றா, னா, வடமொழி எழுத்துகள், எண்கள், எழுத்தின்றி இடைவெளிக்கு மட்டும் பயன்படுகிற துண்டுகள். ஒவ்வொரு துண்டின் முகத்திலும் எழுத்து இடவலம் மாறி இருக்கும். கைக்கட்டையில் கோக்கும்போது தலைகீழாகவும் நிற்கும். ரகரத்தையும் காலையும் நான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் என் விரலைப் பிடித்து ரகரத்தின் அடியில் இருந்த சிறு சாய்வின் மேல் வைத்து, "கண்ணாலே பார்க்காதே, தடவு" என்றார். பொழுது சாய்வதற்குள் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு ரகரம் தெரிந்தது. கால் தெரியவில்லை, அதற்கு இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

எழுத்துப் பஞ்சம் என்றொரு பிரயோகம் அந்தத் தொழிலில் உண்டு. ஒரு பாரத்தைக் கோத்துக்கொண்டிருக்கும்போதே குறிப்பிட்ட ஓர் எழுத்து அறையில் தீர்ந்துபோய்விடும்; முன்பு கோத்ததை அடித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பிரித்துப் போட்டாலன்றி வேலை நகராது. நான் பத்து வயதில் இயற்றிய ஒரு பாட்டைத் தாம் கோத்துக் காட்டுவதாக அவர் ஒருநாள் வாக்களித்தார். பாட்டு முழுவதும் அழகு. நிலா அழகு, நீர் அழகு, நாணல் அழகு, எங்கள் வீட்டுப் பூனையும் அழகு. அவர் தாளைப் பிடித்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். பிறகு பெட்டியில் ழகர அறையைத் துழாவினார். "பதினோரு அழகு வருது. ழ நாலுதான் இருக்கு. எந்த ஏழு இல்லாட்டாலும் பாதகமில்லைன்னு நீயே பார்த்துச் சொல்லு" என்றார்.

பாட்டில் ஏழு அழகுகள் அதிகம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். அவர் சொன்னது அது அன்று. ஈயம் போதாது என்றார். எந்த ஏழு என்று நான் ஒரு முழு மாலை யோசித்தேன். பூனையின் அழகை எடுத்துவிட்டு, அது மதிலின் மேல் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று மாற்றினேன். பிற்காலத்தில் பத்திரிகைக் காரியாலயங்களில் பெரிய பெரிய ஆசிரியர்களின் சிவப்புப் பென்சிலுக்கு ஆட்பட்டிருக்கிறேன். அந்த ழகர அறை எனக்குச் செய்த உபகாரத்தை அவர்களில் ஒருவரும் செய்யவில்லை என்று சொன்னால் அவர்கள் வருத்தப்படக்கூடும். பட்டுக்கொள்ளட்டும். அந்த அறையில் மெய்யாகவே நான்குதான் இருந்தனவா என்ற சந்தேகம் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தோன்றியது.

அதே வருஷம் அவர் என்னைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றார். மாயவரத்திலிருந்து ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாக ஒரு குட்டி ரயில் அந்தக் காலத்தில் ஓடிற்று. 1926-இல் போட்ட பாதை, 1986-இல் நிறுத்திவிட்டார்கள். கோட்டையையும் கடலையும் பார்க்கத்தான் போகிறோம் என்று நான் எண்ணியிருந்தேன். அவரோ டேனியர் கோட்டையை ஏறிட்டும் பாராமல், வெயிலில் என்னை நடத்திக்கொண்டு போய், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் வாசலில் நிறுத்தினார். சீகன்பால்கு என்ற பாதிரியார் 1706-இல் இந்தக் கரையில் இறங்கினார் என்பதும், ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் கப்பலில் வந்தன என்பதும், அவர் இந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார் என்பதும் என் தகப்பனாருக்குத் தெரிந்திருந்தன. எப்போதோ ஒரு சபையாருக்காக அவர் கோத்த துண்டுப் பிரசுரம் ஒன்றின் பயன் அது. அந்த விஷயத்தில் மட்டும், அதிர்ஷ்டவசமாக, எல்லாத் தாள்களும் அவர் பங்குக்கே வந்திருந்தன.

"வந்த எழுத்து ரொம்பப் பெரிசுடா. அதிலே அடிச்சா இருக்கிற காகிதம் காணாது. அதனாலே இங்கேயே சின்னதா வார்த்தாங்க. காகிதத்துக்குப் பொறையாத்திலே பட்டறையே போட்டாங்க" என்று அவர் சொன்னார். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி அந்த ஊரிலிருந்து வெளிவந்ததைப் பிற்பாடு நான் புத்தகங்களில் படித்தேன். ஆனால் அந்தச் சிறிய எழுத்தைப்பற்றிச் சொல்லும்போது அவர் காட்டிய உற்சாகத்தைப் புத்தகங்கள் காட்டவில்லை. ஏதோ தம்முடைய பங்காளி ஒருவர் இருநூற்றைம்பது வருஷங்களுக்கு முன் பட்ட பணமுடையையும் அதிலிருந்து சாமர்த்தியமாகத் தப்பியதையும் சொல்லுகிறவர்போல் சொன்னார். ஆலயத்தின் உள்ளே நாங்கள் போகவில்லை. பூட்டியிருந்தது. கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுச் சாயங்கால வண்டியில் திரும்பினோம்.

அக்காலத்தில் தெருவுக்கொரு கையெழுத்துப் பத்திரிகை இருந்தது. ஒரே பிரதி, அது வீடு வீடாகச் சுற்றிவரும், கடைசியில் வாசகர் அபிப்பிராயத்துக்கென்று இரண்டு வெற்றுப் பக்கம் விட்டிருப்பார்கள். நானும் ஒன்று நடத்தினேன். மூன்றாவது இதழ் போன இடத்தில் குழந்தை ஒன்று அதைத் தண்ணீரில் போட்டுவிட்டது. நான் இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்ததைக் கண்டு, என் தகப்பனார் முதலாளியிடம் பேசி ஓர் அனுமதி வாங்கினார்: வேலை நேரத்துக்குப் பின் கோத்துக்கொள்ளலாம், காகிதம், கல்யாணப் பத்திரிகை வெட்டியதில் மிஞ்சுகிற விளிம்பு மட்டும், விடிவதற்குள் எழுத்துகள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். முதலாளியைப்பற்றி முன்பு நான் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு வாசகர்கள் அவரைத் தவறாக எண்ணிவிடக் கூடாது.

இவ்வாறாக, 1951-இல், நான்கு விரற்கடை அகலமும் ஒரு சாண் நீளமுமாக ஒரு பத்திரிகை தயாராகியது. அதற்கு 'வெண்ணிலா' என்று பெயர் வைக்க வேண்டுமென்பது என் பிடிவாதம். தலைப்புக்கான பெரிய எழுத்துகள் மரத்தில் செதுக்கியவை; நாடக நோட்டீஸுக்கென்று வாங்கியவை; அதில் ணி பிளந்துபோயிருந்தது. என் தகப்பனார் அந்த இழுப்பறையை அப்படியே உருவித் தரையில் வைத்து, "இதிலே என்ன பேர் இருக்குன்னு தேடு" என்றார். இருக்கிற எழுத்துகளுக்குள் ஒளிந்திருக்கிற பெயரைத் தேடி நான் குந்தியிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் போன்ற இன்பமான தினம் என் ஆயுளில் அதிகம் இல்லை. கடைசியில் 'கதம்பம்' அகப்பட்டது. அகப்பட்டும் ஒரு குறை: மகர ஒற்று ஒன்றுதான் இருந்தது. இரண்டாவதற்கு, புள்ளி இல்லாத மகரத்தைப் போட்டு, "புள்ளியை நீ வெச்சுடு" என்று என்னிடம் பேனாவைக் கொடுத்தார். ராவுத்தர் மாமா டிரெடிலை மிதித்தார். நாற்பது பிரதிகள் ஈரம் காயாமல் ஒவ்வொன்றாக வெளியே வர, நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் தலையிலும் கடைசி மகரத்துக்குப் புள்ளி வைத்தேன். விலை காலணா. முதற் பிரதியை என் தகப்பனார் இடுப்பு முடிச்சிலிருந்து காலணாவை எடுத்து எண்ணிக் கொடுத்து வாங்கிக்கொண்டார். மகனிடம் விலைக்கு வாங்குவதா என்று ராவுத்தர் மாமா கேலி செய்தார். செய்துவிட்டு அவரும் காலணா கொடுத்தார்.

மூன்று இதழ்களோடு அது நின்றுபோயிற்று. நான் உயர்நிலைப் பள்ளிக்கும், பிறகு கும்பகோணத்துக்கும், பிறகு சென்னைக்குமாகப் போய்விட்டேன். என்னுடைய கதை ஒன்று முதன்முதலாகப் பெரிய பத்திரிகை ஒன்றில் வெளிவந்தபோது அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். இரண்டாம் பத்தியில் ஒரு கொம்பு தலைகீழாக இருக்கிறது என்றார். இருந்தது.

1978-இல் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தத்தை அமலுக்குக் கொண்டுவந்தபோது அவர் வேலையிலிருந்து ஓய்ந்து வெகு நாளாகியிருந்தது. பெரியார் 1935-லிருந்தே தம் 'குடி அரசு' பத்திரிகையில் கையாண்ட எழுத்துமுறை அது என்று நான் அவருக்கு விளக்கப் போனேன். "தெரியுமே. அப்பவே நாங்க பேசிக்கிட்டதுதான். ஏழு அறை மிச்சம்" என்றார். உள்ளே போய்க் கந்தர் அலங்காரப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் நடுவிலிருந்து ஒரு மெல்லிய தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் காலணாவுக்கு வாங்கிய 'கதம்பம்'. "இதிலே எத்தனை தும்பிக்கை இருக்குன்னு எண்ணு. இனிமே பார்க்கக் கிடைக்காது. நீயே வெச்சுக்கோ" என்றார். பத்தொன்பது இருந்தன.

1983-இல் அவர் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு ராவுத்தர் மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். திண்ணையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, அந்தப் பழைய நாவல்களின் நினைவு வந்து, ஜமீந்தார் பெண்ணுக்குச் செருப்பை யார் கொடுத்தார்கள், அது உங்கள் தாளில்தானே இருந்தது என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் யோசித்தார்.

"எனக்கு எங்கே தம்பி நெனைப்பிருக்கு? அப்பக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒங்கப்பாவுக்கு ஒரு நாளாச்சும் நான் சொல்ல முடிஞ்சிச்சா? இன்னைக்கு என் தாள்லே என்ன ஆச்சு தெரியுமான்னு வாயெடுத்தாலே காதைப் பொத்திக்குவார். வேணாம் ராவுத்தரே, வேணாம், பையன் சொல்லுவான்னுடுவார்."

அந்த 'கதம்பம்' இப்போது என் மேஜைக் கண்ணாடியின் கீழே இருக்கிறது. அச்சு யந்திரத்திலிருந்து முதலில் வந்த பிரதி என்பதால், பதற்றத்தில் அதற்கு மட்டும் நான் புள்ளி வைக்க மறந்திருக்கிறேன். தலைப்பு 'கதம்பம' என்றே நிற்கிறது. புரூப் திருத்துவதில் ஒரு கொம்பையும் காலையும் தப்பவிடாத என் தகப்பனார் இருபத்தேழு வருஷம் அதைத் தம்மிடம் வைத்திருந்தும் அந்தப் புள்ளியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.